யாரையும் கடிக்காத உறுப்புரை

கண்டியில் மஹியங்கனை பஸ் ஏறினால் குண்டசாலை கடந்து சற்று நேரத்தில் பல்லேகல வந்துவிடும். கிரிக்கெட் மைதானம், போகம்பறையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த சிறைச்சாலை, மாகாண சபைக் கட்டடங்கள், கைத்தொழில் வலயம் என்று அரசாங்கம் தன் சாமான்களையெல்லாம் இறக்கிவைத்த இடம். அங்கே ஒரு தேநீர்க் கடையில், ஓய்வுபெற்ற தமிழ் எழுதுவினைஞர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “தம்பி, அந்த ஒன்பதாம் உறுப்புரை சாமி படத்துக்குப் போட்ட மாலை மாதிரி. அது பாட்டுக்கு இருக்கட்டும். யாரையும் கடிக்காது.”

இது அவர் ஒருவருடைய எண்ணம் அல்ல. 2017இல் புதிய அரசியலமைப்புக்கான வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை வெளிவந்தபோது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைமையும் ஏறத்தாழ இந்த நிலைக்கு வந்திருந்தது. பௌத்தத்துக்கு முதன்மை இருந்துவிட்டுப் போகட்டும், அதிகாரப் பகிர்வு கிடைத்தால் போதும் என்ற கணக்கு. முதன்மை இருக்கிறது. பகிர்வு எங்கே என்று கேட்காதீர்கள்.

அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்புரை சொல்வது இதுதான்: இலங்கைக் குடியரசு பௌத்த மதத்துக்கு முதன்மைத் தானம் வழங்க வேண்டும்; ஆகவே பௌத்த சாசனத்தைப் பாதுகாத்துப் பேணி வளர்ப்பது அரசின் கடமை; அதேவேளை 10ஆம், 14ஆம் உறுப்புரைகள் தரும் உரிமைகள் எல்லா மதங்களுக்கும் உறுதிசெய்யப்படும். இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுபவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

முதலில், “இது மன்னர் காலத்து வழக்கம்” என்ற பேச்சு.

பல்லேகலவுக்குப் பக்கத்தில், இதே குண்டசாலையில் அரண்மனை கட்டி வாழ்ந்தவன் ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன். 1707 முதல் 1739 வரை ஆண்ட அவன்தான் கண்டியின் கடைசிச் சிங்கள அரசன். அவன் காலத்தில், 1711இல், கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு யோசேப் வாஸ் கண்டியில் இறந்தார். கரையோரத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். 1692இல் கண்டிக்கு வந்தபோது உளவாளி என்ற சந்தேகத்தில் சிறையில் போடப்பட்ட அவர், பிறகு தடையில்லாமல் நடமாடியது ஒரு பௌத்த அரசனின் மலைநாட்டில்தான். அதற்கும் முன்பு, கரையிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களுக்குக் கிழக்கில் நிலம் கொடுத்துக் குடியேற்றியவன் செனரத் மன்னன்.

நரேந்திரசிங்கனுக்குப் பிறகு அவன் மதுரை இராணியின் தம்பி அரசேற, நாயக்கர் வம்சம் தொடங்கியது. இந்த வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் கதை தமிழருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஏனோ நாம் அதை எடுத்துச் சொல்வதில்லை. இலங்கையில் உபசம்பதா என்ற முழுத் துறவுச் சடங்கே அற்றுப்போயிருந்த நாளில், சீயத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்து 1753இல் அதை மீட்டவன் அவன். மல்வத்தை, அஸ்கிரிய பீடங்கள் இன்றைக்கும் சீய நிக்காய என்ற பெயரைத் தாங்குவது அதனால்தான். அதுவரை கண்டிப் பெரஹரா தெய்வங்களின் ஊர்வலம்: நாதர், விஷ்ணு, நமக்கு முருகனான கதிர்காமத் தெய்வம், நமக்குக் கண்ணகியான பத்தினி. சீயத்துப் பிக்குகள் இதென்ன என்று முகம் சுளிக்க, புத்தரின் தந்ததாதுவை அந்த ஊர்வலத்தின் முன்னால் கொண்டுவந்தவனும் அவனே. புத்தருக்கு முதலிடம் என்பதைக் கண்டித் தெருவில் யானை மேல் ஏற்றிக் காட்டியது ஒரு தென்னிந்திய வம்சத்து அரசன். 1760இல் அவனைக் கொல்லச் சதி நடந்தது. பிரபுக்களும் பிக்குகள் சிலரும் அதில் கூட்டு. அவன்மேல் சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று, திருநீறு பூசுவதை அவன் விடவில்லை என்பது.

மன்னர்கள் எல்லோரும் பெருந்தன்மைக்காரர்கள் என்று நான் பூச்சுற்ற வரவில்லை. கீர்த்தி ஸ்ரீக்கு முன் ஆண்ட ஸ்ரீ விஜய ராஜசிங்கன் கத்தோலிக்கரைத் துன்புறுத்தினான். அரசனின் மனம் மாறினால் குடிகளின் கதியும் மாறும். அதற்காகத்தானே சட்டம் எழுதுகிறோம்?

சரி, 1815? மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவவில் கைச்சாத்தான கண்டி உடன்படிக்கையின் ஐந்தாம் வாசகத்தைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். பௌத்தம் மீறப்படாதது, அதன் சடங்குகளும் குருமாரும் வழிபாட்டிடங்களும் பேணிப் பாதுகாக்கப்படும் என்கிறது அது. இன்னொரு மதத்தோடு ஒப்பிட்டு முதலிடம் தருவதாக அதில் ஒரு சொல்லும் கிடையாது. மூன்று ஆண்டு கழித்து, கண்டிக் கிளர்ச்சியைப் பிரித்தானியர் நசுக்கியபின் 1818 நவம்பரில் வந்த பிரகடனம், பௌத்தத்துக்கு முன்னைய மரியாதை உண்டு, மற்ற மதத்தாரின் அமைதியான வழிபாட்டுக்கும் அரச பாதுகாப்பு மறுக்கப்படாது என்று இரண்டையும் சேர்த்தே சொன்னது. சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவோ, ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மற்றவர்களுக்கில்லாத சலுகை தரும் சட்டத்தை நாடாளுமன்றம் ஆக்கக் கூடாது என்றே தடுத்திருந்தது.

“முதன்மைத் தானம்” என்ற சொல் 1972 மே 22இல்தான் யாப்புக்குள் வந்தது. மதச்சார்பற்ற அரசு என்று எழுதுங்கள் என்று தமிழரசுக் கட்சி கொண்டுவந்த திருத்தம் தள்ளப்பட்டது. யாப்புக்குப் பொறுப்பான அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா ஒரு ட்ரொட்ஸ்கியவாதி என்பது வரலாற்றின் குசும்பு. மன்னர் காலத்து வழக்கம் என்று சொல்லப்படும் இந்தச் சொல், எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்த எழுதுவினைஞரைவிட வயதில் இளையது.

அடுத்தது அவருடைய மாலைக் கதை. வெறும் அலங்காரம், மற்ற மதங்களின் உரிமையும் அதே வாக்கியத்திலேயே இருக்கிறதே என்பது.

2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியாஸ்திரிகள் தங்கள் சபையைச் சட்டப்படி கூட்டிணைக்க ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடம் நடத்துவது, அநாதைகளையும் முதியவர்களையும் பார்ப்பது அவர்கள் வேலை. இப்படிக் கூட்டிணைக்கும் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் வாடிக்கையாக நிறைவேறுபவை. இந்தச் சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மதத்தைப் பரப்புவதற்கு அடிப்படை உரிமை இல்லை. கிறிஸ்தவத்தை அப்படிப் பரப்பினால் பௌத்த சாசனத்தின் இருப்புக்கே குந்தகம் வரும். ஆகவே சட்டமூலம் ஒன்பதாம் உறுப்புரைக்கும் முரண் என்று நீதிமன்றம் முடிவு சொன்னது. கன்னியாஸ்திரிகளுக்குத் தங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பும் கிடைக்கவில்லை. அவர்கள் ஐ.நா. மனித உரிமைகள் குழுவுக்குப் போனார்கள். 2005 ஒக்டோபரில் அந்தக் குழு, மதச் சுதந்திரமும் சமத்துவமும் மீறப்பட்டுள்ளன என்று கூறியது. நாலு சுவருக்குள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பெண்களை மாலை இப்படிச் சுற்றிக்கொள்ளுமா?

அதே நீதிமன்றம் 2007இல், வெலிகமப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில், இலங்கை ஒரு மதச்சார்பற்ற நாடு என்று எழுதியது. அந்த உத்தரவு எல்லா மதத்து ஒலிபெருக்கிக்கும் பொருந்தியது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரே யாப்பிலிருந்து நாலு ஆண்டு இடைவெளியில் சாசனத்தைக் காக்கும் அரசும் மதச்சார்பற்ற அரசும் வெளியே வருகின்றன என்றால், வழக்குப் பேசப் போகிறவன் எதை நம்பிப் படியேறுவது?

வாக்கியத்தின் இரண்டாம் பாதிக்கு வருவோம். யாப்பின் 83ஆம் உறுப்புரையில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதிலுள்ளவற்றை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மை போதாது, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். 9ஆம் உறுப்புரை அந்தப் பட்டியலில் உண்டு. மனச்சாட்சிச் சுதந்திரம் சொல்லும் 10ஆம் உறுப்புரையும் உண்டு. ஆனால் கோயில் கட்டவும், கூடி வழிபடவும், தேர் இழுக்கவும், மதத்தைப் போதிக்கவும் உரிமை தருவது 14ஆம் உறுப்புரை. அது பட்டியலில் இல்லை. போதாததற்கு, 15ஆம் உறுப்புரையின் கீழ் சாதாரணச் சட்டத்தாலேயே அந்த உரிமைக்குக் கட்டுப்பாடு போடலாம். ஒரு மதத்தின் இடத்துக்கு இரும்புப் பூட்டு. மற்றவர்களின் கோயில் கதவுக்குக் கயிறு. அலங்காரம்தான் என்றால் அதைக் கழற்ற நாடு முழுவதும் வாக்கெடுப்பு ஏன் என்று எழுதுவினைஞரிடம் கேட்டேன். சிரித்தார். “அது வேற கதை தம்பி” என்றார்.

வேறு கதை இல்லை, இதே கதைதான். 2008இல் மத விவகார அமைச்சிலிருந்து ஒரு சுற்றுநிருபம் போனது. புதிதாக வழிபாட்டிடம் கட்ட முன் அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். அது சட்டமே அல்ல. ஆனாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பொலிஸாரும் பிரதேசச் செயலக அதிகாரிகளும் சிறு கிறிஸ்தவச் சபைகளின் ஜெபக் கூட்டங்களை ஆண்டுக்கணக்கில் நிறுத்தினார்கள்.

பல்லேகலவைத் தாண்டி அதே பஸ்ஸில் போனால் திகன, தெல்தெனிய. பழைய தெல்தெனிய விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் கிடக்கிறது. இப்போதிருப்பது மேலே கட்டிய புது ஊர். அங்கே 2018 பெப்ரவரி 22 இரவு, வீதித் தகராறு ஒன்றில் சில முஸ்லிம் இளைஞர்கள் ஒரு சிங்கள லொறிச் சாரதியைத் தாக்கினார்கள். மார்ச் தொடக்கத்தில் அவர் இறந்தார். குற்றவாளிகளைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்க வேண்டிய வழக்கு அது. நடந்ததோ வேறு. பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் பிணமாகக் கிடந்தார். மார்ச் 6இல் அவசரகாலநிலை. பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கம். பெற்றோல் குண்டை எறிந்தது ஒன்பதாம் உறுப்புரை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது எறிந்தவனைத் தப்பவிடுவது. ஆனால் சாசனத்தைக் காக்கிறோம் என்று புறப்படுகிற கூட்டம், அரசின் கடமை என்று எழுதிவைத்ததைத்தானே செய்கிறோம் என்ற மிதப்போடு நடக்கிறது. அந்த மிதப்பு வேறெந்த மதத்துக் காடையருக்கும் இந்த நாட்டில் வாய்க்காது.

இன்னும் போனால் பதினெட்டு வளைவு இறங்கி ஹசலக்க. 2019 மேயில், ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிந்திய வாரங்களில், அங்கே ஒரு முஸ்லிம் பெண்ணைப் பொலிஸார் கைது செய்தார்கள். அவர் உடுத்திருந்த சட்டையில் தர்மசக்கரம் அச்சிட்டிருக்கிறதாம். அது கப்பல் திருப்பும் சக்கரம். இரண்டு வாரத்துக்கு மேல் மறியலில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் பிற்காலத்தில் தீர்ப்பளித்தது, நல்லதே. ஆனால் துணிக் கடைக்குப் போகும் ஒரு பெண், இந்தப் பூவேலை யாருடைய மனத்தைப் புண்படுத்தும் என்று யோசிக்க வேண்டிய நிலை வந்த பிறகு, முதன்மை என்பது யாப்புப் புத்தகத்துக்குள் மட்டும் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

இங்கிலாந்திலும் அரசத் திருச்சபை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பிரபுக்கள் சபையில் 26 பேராயர்களுக்கு ஆசனமும் இருக்கிறது. அதை அங்கேயே பலர் பழைய தளபாடம் போலத்தான் பார்க்கிறார்கள். எனக்குப் பொருத்தமாகப் படுவது அயர்லாந்து. பெரும்பான்மை மக்களின் மதம் என்பதால் கத்தோலிக்கத் திருச்சபைக்குச் சிறப்பு நிலை உண்டு என்று 1937 யாப்பில் எழுதியிருந்தார்கள். 1972 டிசம்பர் 7இல் வாக்கெடுப்பு வைத்து, 84 வீதம் ஆதரவோடு அதை நீக்கினார்கள். நாம் எழுதிச் சேர்த்த அதே ஆண்டு. பௌத்த நாட்டைத்தான் காட்ட வேண்டுமென்றால் பூட்டானைப் பார்க்கலாம். அதன் 2008 யாப்பு பௌத்தத்தை நாட்டின் ஆன்மிக மரபு என்கிறது, மன்னரை எல்லா மதங்களின் காவலர் என்கிறது, மதம் அரசியலிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்றும் சொல்கிறது. அங்கே பிக்குகள் வாக்களிப்பதில்லை. இங்கே 2004 தேர்தலில் ஜாதிக ஹெல உறுமயவின் ஒன்பது பிக்குகள் நாடாளுமன்றத்துக்கே போனார்கள்.

“எல்லா மதத்துக்கும் திணைக்களம் இருக்கிறது, இந்துக்களுக்கும் காசு வருகிறது” என்பது இன்னொன்று. ஆம், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவத் திணைக்களங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே உள்ள அமைச்சின் பெயர் புத்தசாசனம் என்று தொடங்குகிறது. இதில் நம்மவர்களையும் விடமுடியாது. தேர்த் திருவிழாவுக்கு நிதி கேட்டு அமைச்சர் வாசலில் நிற்கும் தர்மகர்த்தாக்களும், வடக்கில் மதமாற்றத் தடைச் சட்டம் வேண்டும் என்று குரல் கொடுக்கும் சைவ அமைப்புகளும், அரசின் கை மதத்துக்குள் வரக் கூடாது என்று சொல்லவில்லை. அந்தக் கை தங்கள் பக்கம் நீளவில்லையே என்றுதான் வருந்துகிறார்கள். மென்சிங்கன் கன்னியாஸ்திரிகளின் வழக்குத் தோற்றபோது சைவ மேடைகளிலிருந்து பெரிதாக முனகல் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கடைசியாக, இருப்பதிலேயே வலுவான வாதம்: காலனித்துவம் பௌத்தத்தை நசுக்கியது, அதனால் சுதந்திர நாட்டின் அரசு அதைத் தாங்க வேண்டும். முதல் பாதி உண்மை. 1815இல் கொடுத்த வாக்கைப் பிரித்தானியர் காப்பாற்றவில்லை. கிறிஸ்தவ அரசு விக்கிரக வழிபாட்டுக்குத் துணைபோகலாமா என்று மிஷனரிமார் கூச்சல் போட்டதால், தங்கள் காவலில் இருந்த தந்ததாதுவை 1847இல் மகாநாயக்கர்களிடமும் தலதா மாளிகை நிர்வாகியான தியவடன நிலமேயிடமும் ஒப்படைத்து ஒதுங்கினார்கள். அரசும் மதமும் பிரிய வேண்டும் என்ற கொள்கையாலா? இல்லை. ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருமார் 1880கள் வரை இலங்கை வரிப்பணத்தில் சம்பளம் வாங்கினார்கள். ஒரு பக்கம் விலகலும் மறுபக்கம் சம்பளமும் என்ற அந்த வஞ்சனையைப் பௌத்தர்கள் மறக்காததில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த இருண்ட அரை நூற்றாண்டில் நடந்தது என்ன? 1873இல் பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் பாதிரிமாரோடு மேடையேறி வாதாடினார். 1880இல் அமெரிக்கப் பௌத்த ஆர்வலர் ஒல்கொட் வந்திறங்கினார். கொழும்பில் 1886இல் ஆனந்தாவும், கண்டியில் 1887இல் தர்மராஜாவும் பள்ளிக்கூடங்களாகத் தொடங்கின. அச்சகங்கள், பத்திரிகைகள், போயா விடுமுறைக் கோரிக்கைகள் எல்லாம் மக்களின் பிடியரிசிக் காசில் வளர்ந்தவை. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலருக்கு எந்த அரசு முதன்மைத் தானம் கொடுத்தது? அரசு எதிராக நின்ற காலத்தில்தான் இரண்டு மதமும் எழுந்து உட்கார்ந்தன.

அரசு அணைத்துக்கொண்ட பிறகு நடந்ததையும் பாருங்கள். 1957இல் புத்தசாசன ஆணைக்குழுவை அமைத்த பிரதமர் பண்டாரநாயக்காவை 1959இல் சுட்டது காவி உடுத்த ஒருவர். பின்னால் நின்றது களனி விகாரையின் தலைமைப் பிக்கு. 1966இல் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டுப் போயா நாட்களை வார விடுமுறையாக்கினார்கள். வாரம் சில வேளை ஏழு நாள், சில வேளை எட்டு நாள் என்று நீண்டு சுருங்க, உலகத்தோடு வியாபாரம் செய்ய முடியாமல் 1971இல் பழையபடி ஞாயிறுக்கே திரும்பினார்கள். நீதிமன்ற அவமதிப்புக்காக 2018இல் தண்டனை பெற்று, மறு ஆண்டில் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்த ஞானசார தேரரை, 2021இல் “ஒரே நாடு ஒரே சட்டம்” செயலணிக்குத் தலைவராக்கினார் இன்னொரு ஜனாதிபதி. வினயத்தைக் கடுமையாகக் காத்துக் காட்டிலிருக்கும் ஒரு பிக்குவுக்கு இந்த உறுப்புரையால் கிடைத்தது என்ன? தலதா மாளிகையின் நிர்வாகத்தைப் பார்க்கும் தியவடன நிலமேயைத் தெரிவுசெய்யும் வாக்காளர்களில் பௌத்தர்களான பிரதேசச் செயலாளர்களும் இருக்கிறார்கள். அரச சம்பளக்காரர்கள். பாதுகாப்பவன் சாவியையும் வைத்துக்கொள்வான் என்பதைக் கண்டிக்காரர்கள் 1847க்கு முன்பே கண்டவர்கள்.

2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை, பதினாறு ஆண்டுக்குப் பிறகு, தந்ததாதுவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். வந்த சனத்தைக் கண்டி தாங்கவில்லை. வரிசை மைல் கணக்கில் வளைந்தது. பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இரவு பகலாக நின்றார்கள். நகரத்துப் பள்ளிவாசல்கள் அவர்களுக்குக் கதவு திறந்து, தங்க இடமும் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தன. திகன எரிந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அந்த நாட்களில் எழுதுவினைஞரை மறுபடி சந்தித்தேன். “பார்த்தீங்களா, சனம் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் சட்டத்தைப் போட்டுக் கிண்டுறீங்க” என்றார்.

சனம் நல்லாத்தான் இருக்கிறது, ஐயா. நான் கேட்டது சட்டத்தைப் பற்றி.